நிகராகுவர்களும் டோங்கர்களும்: அமெரிக்காவின் இரு குடியேறிச் சமூகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இரண்டு சமூகங்களையும் ஏன் ஒப்பிட வேண்டும்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே?

சம்பந்தம் இல்லைதான். நிகராகுவா மத்திய அமெரிக்காவில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் வாழும் நாடு. டோங்கா தென் பசிபிக்கில், சுமார் 1 இலட்சம் பேர் வாழும் தீவரசு. மொழி, மதப் பிரிவு, வந்த வழி எல்லாமே வேறு. ஆனால் அமெரிக்கக் கணக்கெடுப்பு வெளியிடும் வருமானம், வறுமை, படிப்பு பற்றிய அட்டவணைகளில் இரண்டும் அருகருகே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதைப் பார்த்தவர்கள் "யார் முன்னே, யார் பின்னே?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொன்னால் தப்பாகத்தான் போகும். எங்கே தப்பாகப் போகும் என்பதில்தான் இரண்டு சமூகங்களின் கதையும் இருக்கிறது.

அமெரிக்காவில் இவர்கள் எத்தனை பேர்?

2010 கணக்கெடுப்பில் நிகராகுவ வம்சாவளியினர் சுமார் 3.48 இலட்சம். டோங்கர்கள், கலப்பு வம்சாவளியினரையும் சேர்த்து, சுமார் 57,000. அதற்குப் பிறகு இரண்டு எண்ணிக்கையும் கூடியிருக்கின்றன. 2018க்குப் பின் நிகராகுவர்களின் வரவு ஒரேயடியாக எகிறியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் வாழும் நிகராகுவர்கள் தாய்நாட்டு மக்கள்தொகையில் ஒரு சிறு பங்குதான். டோங்காவின் கதை அப்படியில்லை. 2018 கணக்கெடுப்பின்படி நியூசிலாந்தில் மட்டும் 82,000க்கு மேற்பட்ட டோங்கர்கள் இருந்தார்கள். அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் கூட்டினால், ஊரில் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள்தான் அதிகம். ஊருக்குள் ஒரு கல்யாணமோ சாவோ நடந்தால் பாதி உறவு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

நிகராகுவர்கள் எப்போது, ஏன் வந்தார்கள்?

பல அலைகளாக வந்தார்கள். 1979 ஜூலையில் சாந்தினிஸ்தா புரட்சி சொமோசா குடும்பத்தின் ஆட்சியைக் கவிழ்த்தது. அதை ஒட்டி முதலில் கிளம்பியவர்கள் நிலக்கிழார்கள், முதலாளிகள், பழைய ஆட்சியோடு ஒட்டி இருந்தவர்கள். அடுத்து மருத்துவர், பொறியாளர், கணக்காளர் என்று நடுத்தர வர்க்கம். எண்பதுகளின் நடுவில், அமெரிக்க ஆதரவு பெற்ற 'கோந்த்ரா' கிளர்ச்சியாளர்களோடு நடந்த போர் முற்றியபோது, கட்டாய இராணுவ சேவைக்குப் பயந்து பிள்ளைகளை அனுப்பிய ஏழைக் குடும்பங்கள். 1989 தொடக்கத்தில் டெக்சஸ் எல்லையிலிருந்து பஸ் பஸ்ஸாக மயாமிக்கு வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோரை ஒரு பேஸ்பால் மைதானத்தில் தங்க வைக்க வேண்டியிருந்தது.

மயாமிக்கு மேற்கே உள்ள ஸ்வீட்வாட்டர் என்ற சிற்றூருக்கு, நிகராகுவத் தலைநகரின் பெயரால் 'குட்டி மனாகுவா' என்று பெயரே விழுந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் அதற்கும் முன்பே நிகராகுவக் குடும்பங்கள் இருந்தன.

1998 அக்டோபரில் மிட்ச் சூறாவளி. அப்புறம் 2018 ஏப்ரல். ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தொடங்கிய போராட்டத்தை, பழைய சாந்தினிஸ்தா தலைவரான அதிபர் ஒர்த்தேகாவின் அரசு துப்பாக்கியால் அடக்கியது. 300க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு மாணவர், பத்திரிகையாளர், பாதிரியார், விவசாயி என்று எல்லோரும் கிளம்பினார்கள். 2022 நிதியாண்டில் மட்டும் அமெரிக்கத் தென் எல்லையில் நிகராகுவர்கள் பிடிபட்ட நிகழ்வுகள் 1.6 இலட்சத்தைத் தாண்டின.

டோங்கர்களுக்குப் போர் எதுவும் இல்லையே, அவர்கள் ஏன் கிளம்பினார்கள்?

நிலத்துக்காகவும் சபைக்காகவும். டோங்காவில் நிலம் மன்னருக்கும் பிரபுக்களுக்கும் அரசுக்கும் உரியது, விற்க முடியாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்த சட்டப்படி, 16 வயதான ஒவ்வொரு ஆணுக்கும் சுமார் 8 ஏக்கர் சாகுபடி நிலமும் வீட்டுமனையும் கேட்கும் உரிமை உண்டு. மக்கள்தொகை பெருகப் பெருக, காகிதத்தில் உரிமை இருந்தது, தரையில் நிலம் இல்லை. இளைய மகன்கள் கப்பலையும் விமானத்தையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

எந்தப் பக்கம் போவது என்பதை முடிவு செய்ததில், சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் என்ற கிறிஸ்தவச் சபைக்குப் பெரிய பங்கு. டோங்காவில் அந்தச் சபை நடத்தும் லியஹோனா பள்ளி, ஹவாயில் லாயியே ஊரில் அந்தச் சபையின் கல்லூரி, அங்கிருந்து யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி என்று ஒரு பாதையே உருவானது. 1965 குடியேற்றச் சட்டம் உறவினரை அழைத்துக்கொள்ள வழிவிட்டதும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மெதடிஸ்ட் டோங்கர்கள் கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோ பக்கம் குவிந்தார்கள். டெக்சஸில் யூலஸ் என்ற ஊரில் எழுபதுகளில் திறந்த டாலஸ்–ஃபோர்ட் வர்த் விமான நிலையம் வேலை கொடுத்தது. மூட்டை தூக்கும் வேலை என்றாலும், விமான நிறுவன ஊழியருக்குச் சலுகைப் பயணம் கிடைக்கும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஊர் வைத்திருப்பவனுக்குச் சம்பளத்தைவிட அது பெரிய ஈர்ப்பு.

சரி, யாருக்கு வருமானம் அதிகம்?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். எதை எதால் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். ஒரு டோங்க வீட்டில் அப்பா காங்கிரீட் வேலை, அம்மா முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, மூத்த மகன் மரம் வெட்டும் குழுவில், சித்தப்பா விமான நிலையத்தில். ஆளுக்கு ஆண்டுக்கு 30,000 டாலர். வீட்டு வருமானம் 1,20,000. அந்த வீட்டில் குழந்தைகள், பாட்டி எல்லோரையும் சேர்த்து 8 பேர். தலைக்கு 15,000. அடுத்து ஒரு நிகராகுவ வீடு: கணவன், மனைவி இருவரும் வேலை, ஆளுக்கு 40,000, ஒரு குழந்தை. வீட்டு வருமானம் 80,000தான். தலைக்கு 26,000க்கு மேல்.

வீட்டு வருமானத்தை வைத்து வரிசைப்படுத்தினால் டோங்கர் மேலே. தலைவீத வருமானத்தை வைத்தால் நிகராகுவர் மேலே. நிஜ அட்டவணைகளிலும் இந்த இழுபறி தெரியும். டோங்கர்களின் வீடுகள் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய குடும்பங்கள் கொண்டவற்றில் சேர்த்தி. சமூகமும் மிக இளையது, குழந்தைகள் அதிகம். அதனால் தலைவீத வருமானத்தில் பசிபிக் தீவினருக்குள்ளேயே மார்ஷல் தீவினரோடு சேர்ந்து கீழ்ப்படியில் இருக்கிறார்கள். "வீட்டு வருமானம் பரவாயில்லை, எனவே இவர்களுக்கு உதவி தேவையில்லை" என்று ஒரு அதிகாரி முடிவெடுத்தால், அந்த வீட்டில் எத்தனை பேர் ஒரே குளியலறையைப் பகிர்கிறார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். மறுபக்கம், "தலைக்கு இவ்வளவுதானா!" என்று பரிதாபப்படுபவர் அந்த வீட்டில் குழந்தையைப் பார்க்கப் பாட்டி இருப்பதையும், ஒருவருக்கு வேலை போனால் மூன்று பேர் தாங்குவதையும் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

படிப்பில்?

நிகராகுவர்களே முன்னே. முதல் அலையில் படித்தவர்கள் வந்ததன் பலன் இன்றும் தெரிகிறது: 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டதாரி. அண்டை நாடுகளான குவாதமாலா, ஒந்துராஸ், எல் சால்வதோர் வம்சாவளியினரில் இது இதில் பாதி அளவுதான். ஆனால் பட்டம் வேறு, பட்டத்துக்கேற்ற வேலை வேறு. எண்பதுகளில் மனாகுவாவின் மருத்துவர்கள் மயாமியில் உரிமத் தேர்வு எழுதும் வரை கிடைத்த வேலையைச் செய்தார்கள்; சிலர் கடைசிவரை அதையே செய்தார்கள்.

டோங்கர்களில் பட்டதாரி விகிதம் தேசிய சராசரியைவிட வெகு குறைவு. பள்ளி முடித்ததும் சம்பாதிக்கும் கை வீட்டுக்குத் தேவைப்படுகிறது. கல்லூரிக்கு ஒரு குறுக்கு வழியாகத் தெரிவது கால்பந்து, அதாவது அமெரிக்கக் கால்பந்து. 1986இல் வை சிகஹேமா தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஆடிய முதல் டோங்கர் ஆனார். அதிலிருந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கிலும் யூலஸிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையனுக்கு அந்தக் கனவு. உதவித்தொகை கிடைத்தவர்கள் உண்டு. முட்டி உடைந்து இருபது வயதில் காங்கிரீட் வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு.

சட்டத் தகுதியில், அதாவது காகிதத்தில், யார் பாதுகாப்பாக இருக்கிறார்கள்?

நிகராகுவர்களின் பொருளாதாரம் என்று எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு தேதியில் வந்து நிற்கும். எந்த நாள் எல்லையைத் தாண்டினார் என்பதுதான் அவருடைய வேலை, சம்பளம், வீடு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒரே வீட்டைச் சேர்ந்த நான்கு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூத்த அண்ணன் 1995 நவம்பரில் வந்தார். 1997இல் வந்த 'நகாரா' சட்டம், 1995 டிசம்பர் 1க்குள் வந்த நிகராகுவர்களுக்கும் கியூபர்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை கொடுத்தது. அவர் கிரீன் கார்டு வாங்கி, குடியுரிமை பெற்று, வங்கிக் கடனில் வீடு வாங்கிவிட்டார். தம்பி 1996 ஜனவரியில் வந்தார், நகாரா கிடையாது. ஆனால் மிட்ச் சூறாவளிக்குப் பிறகு 1999 ஜனவரியில் தற்காலிகப் பாதுகாப்புத் தகுதி அறிவிக்கப்பட்டது. வேலை செய்யலாம், நாடு கடத்த மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும். கால் நூற்றாண்டு இப்படியே ஓடியது. 2025 ஜூலையில் அதை முடித்துக்கொள்வதாக அரசு அறிவித்தது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. மச்சான் 2000இல் வந்தார். அவருக்கு எதுவுமே இல்லை, இன்றும் கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறார். தங்கை மகள் 2023இல் மனிதாபிமான அனுமதித் திட்டத்தில், அமெரிக்காவில் ஒருவர் பொறுப்பேற்க, விமானத்தில் முறையாக வந்து இறங்கினாள். அந்தத் திட்டத்தில் வந்த நிகராகுவர்கள் 90,000க்கு மேல். 2025இல் அதையும் அரசு இரத்து செய்தது. மே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது.

ஒரே இரத்தம், ஒரே உழைப்பு, நான்கு விதமான வாழ்க்கை. கணக்கெடுப்பு இந்த நால்வரையும் கூட்டி நான்கால் வகுத்து ஒரு 'நிகராகுவச் சராசரி'யைத் தருகிறது. அப்படி ஒரு சராசரி நிகராகுவரை ஸ்வீட்வாட்டரில் யாரும் பார்த்ததில்லை.

டோங்கர்களில் பெரும்பாலானோர் குடும்ப வழி அழைப்பில் வந்தவர்கள். அமெரிக்காவில் பிறந்தவர்களும் ஏராளம். விசா முடிந்தும் தங்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் 1996 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு குற்றத் தண்டனை பெற்ற குடியுரிமையற்றோரை நாடு கடத்துவது எளிதாகியது. கைக்குழந்தையாக வந்து, டோங்க மொழி சரியாகப் பேசத் தெரியாத இளைஞர்கள் டோங்கத் தலைநகர் நுக்குவலோஃபாவில் இறக்கிவிடப்பட்டார்கள். சிறிய தீவுக்கு அது பெரிய தலைவலி.

டோங்கர்கள் சம்பாதிப்பது எங்கே போகிறது?

பெரும்பகுதி கடமைக்கு. அவர்கள் 'ஃபட்டோங்கியா' என்பார்கள். கடமை என்று பொருள். அலுத்துக்கொள்ளும்போது 'கவெங்கா' என்பார்கள், அது சுமை. ஒரே செலவுக்கு மனநிலையைப் பொறுத்து இரண்டு பெயர்.

மெதடிஸ்ட் சபைகளில் ஆண்டுக்கு ஒரு முறை 'மிசினாலே' என்ற காணிக்கை நாள். குடும்பத்தின் பெயரைச் சொல்லி, கொடுத்த தொகையை எல்லோர் முன்னும் படிப்பார்கள். நம் ஊரில் மைக்கில் மொய் படிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த நிமிடத்தின் சூடு புரியும். மொய்யாவது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். மார்மன் சபையினர் என்றால் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. இவற்றுக்கு மேல் ஊரில் படித்த பழைய பள்ளிக்கு நன்கொடை. 1866இல் தொடங்கிய டூப்போ கல்லூரி போன்ற பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஆக்லாந்திலும் சால்ட் லேக்கிலும் உண்டு.

சாவு வீடு இன்னும் பெரிய செலவு. பாய்களும், மரப்பட்டையைத் தட்டிச் செய்யும் 'ங்காட்டு' துணியும் அங்கே பணத்துக்கு நிகர். இறந்தவரின் தந்தை வழி உறவில் உயர்ந்த இடம் அத்தை வழிக்கு. நல்ல பாய்கள் அவர்கள் கைக்குத்தான் போக வேண்டும். பாய் பின்னும் பெண்கள் பெரும்பாலும் ஊரில் இருப்பதால், பணம் அமெரிக்காவிலிருந்து டோங்காவுக்கும் பாய்கள் டோங்காவிலிருந்து அமெரிக்காவுக்கும் போகின்றன. எந்தப் பொருளாதார அட்டவணையிலும் பாய்க்கென்று ஒரு வரி கிடையாது.

இதை வெறும் மூடப்பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாடகை கட்ட முடியாதவனுக்கு முன்பணம் கொடுப்பதும், புதிதாக வந்தவனை வேலையில் சேர்த்துவிடுவதும், வெள்ளி இரவில் காவா என்ற வேர்ப்பானம் குடித்தபடி பாடி உட்காரும் அதே கூட்டம்தான். அதே சமயம், கிரெடிட் கார்டில் கடன் வாங்கி மிசினாலே கொடுத்த குடும்பங்கள் உண்டு என்பதையும் டோங்கர்களே வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் "போதும்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

தாய்நாடு எந்த அளவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருக்கிறது?

டோங்கா உலகிலேயே முதல் வரிசையில் உள்ளது: வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நாட்டு மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு. 2022 ஜனவரி 15இல் ஹுங்கா எரிமலை வெடித்து, சுனாமி அடித்து, கடலடிக் கேபிள் அறுந்தபோது, பேச்சுத் தொடர்பே இல்லாத நாட்களிலும் ஆக்லாந்திலும் சிட்னியிலும் டோங்கர்கள் தண்ணீர், அரிசி, டின் மாட்டிறைச்சி என்று பீப்பாய்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

நிகராகுவாவின் ஏற்றம் புதியது. 2018இல் சுமார் 150 கோடி டாலர் வந்தது. 2024இல் 520 கோடியைத் தாண்டியது. நாட்டு உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. எந்த அரசு அவர்களைத் துரத்தியதோ, அந்த அரசின் பொருளாதாரத்தை அவர்கள் அனுப்பும் பணமே தாங்குகிறது. ஆனால் அம்மாவுக்கு மருந்து வாங்க அனுப்பும் இருநூறு டாலரை யார்தான் நிறுத்துவார்கள்?

ஊருக்குப் போய் வர முடியுமா?

டோங்கர்களில் பெரும்பாலானோருக்கு முடியும், டிக்கெட் விலைதான் தடை. ஜூலை திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று கூட்டமாகப் போய் வருகிறார்கள். 2007 முதல் இரட்டைக் குடியுரிமையும் உண்டு.

நிகராகுவர்களில் பலருக்கு முடியாது. 2023 பிப்ரவரியில் 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி வாஷிங்டனுக்கு அனுப்பிய அரசு, அவர்கள் குடியுரிமையையும் பறித்தது. அடுத்த சில நாட்களில் மேலும் 94 பேருடையதையும்.

அன்றாட வாழ்வில் பெரிய வேறுபாடு எது?

மொழி. மயாமியில் ஒரு நிகராகுவர் ஸ்பானியம் மட்டும் பேசி வேலை தேடலாம், வங்கிக்குப் போகலாம், டாக்டரைப் பார்க்கலாம். கியூபர்கள் கட்டி வைத்த சந்தை அது. 'ஃப்ரித்தாங்கா' என்ற நிகராகுவச் சாப்பாட்டுக் கடைகள் தங்கள் ஆட்களுக்காகத் தொடங்கி, இன்று எல்லோருக்கும் சுட்ட இறைச்சியும் அவரையும் சோறும் சேர்ந்த காயோ பின்தோவும் விற்கின்றன. டிசம்பர் 7 இரவு 'கிரித்தேரியா' திருநாளில் வீடு வீடாகப் போய் "இவ்வளவு மகிழ்ச்சிக்குக் காரணம் யார்?" என்று கூவ, உள்ளிருந்து "மரியாளின் அமலோற்பவம்!" என்று பதில் வர, இனிப்பு வாங்கிக்கொண்டு நகர்வார்கள். ஸ்வீட்வாட்டர் தெருக்களில் அன்று நடக்க இடம் இருக்காது.

டோங்க மொழியை வைத்து அப்படிக் கடை நடத்த முடியாது, ஆட்கள் போதாது. அதனால் தொழில் என்றால் தோட்ட வேலை, மரம் வெட்டுதல், காங்கிரீட் என்று வெளியாருக்கு வேலை செய்யும் சிறு நிறுவனங்கள்தான். மொழி உயிரோடு இருப்பது சபைக்குள்.

உடல்நலத்தில்?

டோங்கர்களிடம் நீரிழிவும் உடல் பருமனும் அதிகம். 2020இல் கோவிட் பரவியபோது யூட்டாவிலும் கலிபோர்னியாவிலும் பசிபிக் தீவினர் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடப் பல மடங்கு பாதிக்கப்பட்டார்கள். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்: நெரிசலான வீடு, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை. நிகராகுவர்களுக்கு முதன்மைப் பிரச்சினை காப்பீடு. காகிதம் இல்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. மயாமி இருக்கும் ஃப்ளோரிடா, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்காத மாநிலம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

டோங்கர்கள் பற்றிய புள்ளிவிவரங்களை நம்பலாமா?

பார்த்துத்தான். 1997க்கு முன் அமெரிக்க அரசு 'ஆசியர் அல்லது பசிபிக் தீவினர்' என்று ஒரே கட்டத்தில் எல்லோரையும் போட்டது. சீன, இந்தியப் பொறியாளர்களின் சம்பளத்துக்குள் டோங்கத் தோட்டக்காரர் காணாமல் போனார். 2000 கணக்கெடுப்பிலிருந்துதான் பசிபிக் தீவினருக்குத் தனிக்கட்டம். இப்போதும் ஆண்டுதோறும் எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில் சிக்கும் டோங்க வீடுகள் மிகக் குறைவு என்பதால், ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் எண்கள் துள்ளும். பிழை வரம்பைப் பார்க்காமல் "டோங்கர் 43ஆம் இடம், நிகராகுவர் 51ஆம் இடம்" என்கிற மாதிரி தரவரிசை போடும் தளங்களை நான் படிப்பதில்லை.

அமெரிக்காவை விட்டால் இவர்கள் வேறு எங்கே அதிகம்?

நிகராகுவர்களுக்கு கோஸ்தா ரிகா. 2011 கணக்கெடுப்பிலேயே அங்கே சுமார் 2.88 இலட்சம் பேர். காப்பி பறிப்பு, வீட்டு வேலை, கட்டட வேலை, காவல் வேலை எல்லாம் அவர்கள் கையில். டோங்கர்களுக்கு நியூசிலாந்து. எழுபதுகளில் ஆலை வேலைக்கு அழைத்துவிட்டு, வேலை குறைந்ததும் விடியற்காலையில் வீடு புகுந்து விசா கேட்ட 'விடியல் சோதனைகள்' அங்கே இன்னும் ஆறாத புண். 2021 ஆகஸ்ட் 1இல் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன் அதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டார். அப்போது சமோவ வழக்கப்படி தலைமீது பாய் போர்த்திக்கொண்டு அமர்ந்தார்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்குப் புதிய வரி என்கிறார்களே, யாரைப் பாதிக்கும்?

2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் 1 சதவீத வரி. ரொக்கமாக, மணி ஆர்டராக, அல்லது வங்கிக் காசோலையாகக் கட்டி அனுப்பினால் மட்டும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் கிடையாது. ஆக மேலே சொன்ன நால்வரில் அண்ணனுக்குக் கவலையில்லை. மூலைக்கடைக் கவுண்டரில் நோட்டை எண்ணி வைக்கும் மச்சானுக்கு வரி. டோங்கர்களில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களும் தப்பித்துவிடுவார்கள். பீப்பாயில் அடைத்துக் கப்பலில் அனுப்பும் சோப்பு, துணி, டின் இறைச்சிக்கு இந்த வரி பொருந்தாது.